ஒற்றைக் கை ரவிக்கை

காரைக்காலில் காலையில் மாட்டு வண்டி கட்டினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு நாகூர் போய்விடலாம். ருக்னுதீனின் பெரியம்மா மகன் நாகூரில் பிறந்தான். அதனால் ஆங்கிலேயருடைய குடியானான். ருக்னுதீன் காரைக்காலில் பிறந்தார், பிரெஞ்சுக்காரருடைய குடியானார். முப்பது வயதுவரை இந்த வித்தியாசம் அவருக்கு ஒரு நன்மையும் செய்யவில்லை, கெடுதலும் செய்யவில்லை. 1934ஆம் ஆண்டில் இருவரும் ஒரே கப்பலில் சிங்கப்பூர் வந்து இறங்கியபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. பெரியம்மா மகன் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நேரே நடந்து போனான். ருக்னுதீனை மட்டும் ஒரு மேசைக்கு முன்னால் நிறுத்தி, "நீ அயல்நாட்டான்" என்றார்கள்.

சிங்கப்பூரில் தையல் மிஷின் இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனி அவரை எடுத்துக்கொண்டது. ஜொகூர் பக்கம் ஊர் ஊராகப் போய் மிஷினைக் காட்டி ஆர்டர் பிடிக்க வேண்டும். அதற்காக, வியாபார விஷயமாக வந்து போகிறவர் என்று ஒரு சீட்டு வாங்கிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டோடும், மரப்பெட்டிக்குள் ஒரு கைமிஷினோடும் அவர் மோட்டார் படகில் பொந்தியான் வந்து சேர்ந்தார். சீட்டைக் காட்ட வேண்டிய அதிகாரி இஞ்சே சூலோங். மூவாரிலிருந்து அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்தார். மெலிந்த உடம்பு, தேய்த்து மடித்த வெள்ளைச் சட்டை, சட்டத்தின் மேல் பெரிய மரியாதை. ஆனால் இப்படிப்பட்ட சீட்டோடு அவர் முன் வந்த முதல் ஆள் ருக்னுதீன்தான். ஆகவே அதில் எழுதியிருப்பதை இருவரும் சேர்ந்துதான் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பேச்செல்லாம் மலாயில், தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்.

"சாமானைக் காட்டலாம். விலை பேசலாம். ஆர்டர் எடுக்கலாம். வியாபாரிங்களைப் போய்ப் பார்க்கலாம், அவங்க கூப்பிட்டா கூட்டத்துல உட்காரலாம். கடை, கிடங்கு, தோட்டம் எல்லாம் சுத்திப் பார்க்கலாம்."

"சரி துவான்."

"வேலை செய்யக்கூடாது. கடை போடக்கூடாது. யாருகிட்டயும் கூலி வாங்கக்கூடாது."

"வேலைன்னா எது துவான்?"

இஞ்சே சூலோங் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலியாக இருந்தது. சன்னலுக்கு வெளியே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மூலுட் போலே, தாங்கான் தா போலே" என்றார். வாய்க்கு அனுமதி உண்டு, கைக்கு இல்லை.

"கை வைக்காம மிஷினை எப்படிக் காட்டுறது துவான்?"

"காட்டுறதுக்குச் சக்கரம் சுத்தலாம். அது வேலை இல்லை, காட்சி."

இது வேறு யாருக்காவது சொல்லியிருந்தால் பிரச்சினையே வந்திருக்காது. ருக்னுதீன் கை சும்மா இருக்கத் தெரியாத மனிதர். வாப்பாவின் தையற்கடையில் தவழ்ந்து வளர்ந்தவர். கப்பலில் வந்தபோது மேல்தளப் பயணிகள் அத்தனை பேருக்கும் பொத்தான் தைத்துக் கொடுத்தார். அது முடிந்ததும் தலைக்கு மேல் கிழிந்திருந்த கூடாரத் துணியைக் கேட்காமலே தைத்தார். தூக்கத்தில்கூட அவர் விரல்கள் ஊசியில் நூல் கோப்பதைப் பக்கத்தில் படுத்தவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

பொந்தியான் கடைத்தெருவில் நஜ்முதீன் என்பவர் ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். ருக்னுதீனுக்கு அங்கேதான் மாடியில் தங்க இடம். நஜ்முதீன் கல்லாவில் உட்காருவார். கடையை நடத்தியது அடுப்படியில் இருந்த அவர் தங்கை மீரா பீவி. கணவரைக் காய்ச்சலில் இழந்து, நானா என்று அவர் கூப்பிடும் அண்ணன் வீட்டுக்கு வந்தவர். ஊரில் அவர் கறிக்கு எவ்வளவு பெயர் இருந்ததோ அவ்வளவு பெயர் நாக்குக்கும் இருந்தது.

வந்த மறுநாள் காலையில் ருக்னுதீன் அடுப்படி வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கத் தொடங்கிவிட்டார். யாரும் சொல்லவில்லை. வெங்காயம் இருந்தது, கை இருந்தது.

மீரா பீவி கூடையைப் பிடுங்கிக்கொண்டார். "கைக்கு அனுமதி இல்லன்னு நேத்து நீங்கதானே நானாகிட்ட சொன்னீங்க? மாத்தா வந்து கேட்டா யாரு பதில் சொல்றது? என் கடைய மூடிட்டுப் போகவா?"

"வெங்காயம் உரிக்கிறதெல்லாம் ஒரு வேலையா?"

"அலமாக்! அப்ப நான் காலையிலேருந்து என்ன பண்றேன்?"

ருக்னுதீனுக்கு நியாயமாகப் பட்டது. போலீஸ்காரர் வரும்வரை காத்திருக்காமல் தானே அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுவிட்டார்.

இஞ்சே சூலோங் பேனாவைக் கீழே வைத்தார். "கூலி வாங்கினியா?"

"இல்ல துவான். ஒரு கோப்பை தே ஓ குடுத்தாங்க."

"உரிக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி."

"பின்னாடி குடுத்தா அது கூலி. முன்னாடி குடுத்தா விருந்து." தம் தீர்ப்பு அவருக்கே பிடித்துப்போனது. "விருந்தாளி ஆசைக்கு ரெண்டு வெங்காயம் உரிக்கலாம். கூடை கூடையா உரிக்கக்கூடாது."

அன்றிலிருந்து ருக்னுதீன் மாடியிலிருந்து இறங்கும்போதே தேநீர் தயாராக இருக்கும். மீரா பீவி கோப்பையை நீட்டும்போது, "குடிச்சாச்சுன்னு சொல்லிட்டு ரெண்டே ரெண்டு எடுங்க" என்பார். ருக்னுதீன் நஜ்முதீனை நானா என்றார், எதிர்க்கடைக்காரரை மாமு என்றார், ஊரில் எல்லாருக்கும் ஒரு முறை கண்டுபிடித்தார். மீரா பீவியை மட்டும் எந்த முறையும் சொல்லிக் கூப்பிடவில்லை. நஜ்முதீன் அதைக் கவனித்தார். கவனித்துவிட்டுக் கல்லாவைப் பூட்டித் திறந்தார்.

கடை வாசலில் அஞ்சடி நடைபாதையில் ஒரு பலகை போட்டு மிஷினை வைத்தார்கள். முதல் நாள் வந்தவர்கள் சக்கரம் சுற்றுவதைப் பார்த்தார்கள், ஊசி ஏறி இறங்குவதைப் பார்த்தார்கள், பாகூஸ், பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். யாரும் ஆர்டர் கொடுக்கவில்லை. பிறகு அன்னாசித் தோட்டத்தில் வேலை செய்யும் வெள்ளையம்மா வந்தாள். தலையில் முக்காடும், கையில் ஒரு துணிப் பொட்டலமுமாக நேரே பலகைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"பாய், இந்த மிஷினு நல்லா தைக்குமா?"

"பாத்துக்கம்மா." கந்தல் துணி ஒன்றை ஓட்டிக் காட்டினார்.

"கந்தல்ல யாரு வேணா தைப்பா. நான் கட்டுற துணில தைக்குமான்னு எனக்கு எப்படித் தெரியும்?" பொட்டலத்தைப் பிரித்தாள். சிவப்புச் சீட்டித் துணி. அளவுக்கு ஒரு பழைய ரவிக்கை. "இதுல காட்டுங்க."

ருக்னுதீன் துணியைப் பார்த்தார். துணியும் அவரைப் பார்த்தது. தோளை மட்டும் சேர்த்துக் காட்டுவோம் என்றுதான் ஆரம்பித்தார். தோள் முடிந்ததும் பக்கம் கூப்பிட்டது. பக்கம் முடிந்தால் கழுத்து எப்படி வரும் என்று காட்டாமல் இருக்க முடியுமா? வெள்ளையம்மா முழு ரவிக்கையோடு தோட்டத்துக்குத் திரும்பினாள்.

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அன்னாசித் தோட்டம் முழுவதும் நஜ்முதீன் கடை வாசலில் நின்றது. ஆளுக்கொரு பொட்டலம். எல்லாருக்கும் மிஷினைப் பற்றி ஒரே சந்தேகம்தான், அவரவர் துணியில் தைக்குமா என்பது. ருக்னுதீன் யாரிடமும் ஒரு காசு வாங்கவில்லை. தேநீரைக்கூட முன்னாலேயே குடித்துவிட்டார். காலை முதல் பொழுது சாயும்வரை காட்சி காட்டினார். அவ்வளவு சந்தோஷமாக அவர் ஊரைவிட்டு வந்தபிறகு இருந்ததே இல்லை. ஆனால் மிஷின் மட்டும் ஒன்றுகூட விற்கவில்லை. சும்மா தைத்துக் கொடுக்க ஓர் ஆள் வாசலில் உட்கார்ந்திருக்கும்போது மிஷின் வாங்க யாருக்கு என்ன பைத்தியம்?

அதே தெருவின் கோடியில் தங்கராஜுவின் தையற்கடை. பொந்தியானுக்கு அவர் ஒருவர்தான் தமிழ்த் தையற்காரர். அவரைவிட வயதான ஒரு மிஷின் வைத்திருந்தார். தையல் ஒரு இடத்தில் இறுக்கும், ஒரு இடத்தில் தளரும். தீபாவளி மாதத்தில் உட்கார நேரமில்லாமல் இருக்க வேண்டியவர், அந்த வருடம் வாசலில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் எழுந்து வந்தார். கூட்டத்தை விலக்கி, பலகைக்கு எதிரே நின்று, ஒரு ரவிக்கை பிறந்து முடிகிறவரை பார்த்தார்.

"பாய், இது என்னது?"

"காட்சி அண்ணே."

"இது காட்சின்னா, நான் இத்தன வருஷமா செஞ்சது என்ன, விளையாட்டா?"

தங்கராஜு நேரே அலுவலகத்துக்குப் போனார்.

மறுநாள் இஞ்சே சூலோங் தாமே வந்தார். நாற்காலி போட்டார்கள். சாட்சி சொல்லப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். எல்லாருக்கும் முன்னால் வெள்ளையம்மா.

"துவான், இவரு ஒரு வேலையும் செய்யல. சும்மா காட்டினாரு. நாங்க பாத்தோம்."

"பார்த்த பிறகு கையில என்ன இருந்தது?"

"ரவிக்கை இருந்துச்சு. அதுக்கு அவரு என்ன பண்ணுவாரு?"

இஞ்சே சூலோங் ஒரு ரவிக்கையை வாங்கிப் பார்த்தார். உள்ளே திருப்பினார், வெளியே திருப்பினார். தையலின் நேர்த்தியைப் பார்த்து அவரையும் அறியாமல் தலை ஆடியது. தங்கராஜு இருமினார். உடனே தலையை நிறுத்தினார்.

"தையல் எப்படி இருக்கும்னு காட்ட ஒரு கை போதும்" என்றார். "எதுக்கு ரெண்டு கை?"

ரவிக்கையைத் திருப்பிக் கொடுத்தார்.

"உடுத்திக்கிட்டுப் போக முடிஞ்சா அது வேலை. உடுத்த முடியலன்னா அது காட்சி. இனிமே ஒரு கைதான். ரெண்டாவது கை தைச்சா உன் சீட்டை வாங்கிடுவேன்." தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். தங்கராஜு வெற்றியோடு தெருவில் நடந்து போனார்.

அந்த வெற்றி ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. தோட்டத்துப் பெண்கள் சட்டத்தை மீறவில்லை. காட்சிக்கு வந்தார்கள், ஒற்றைக் கை ரவிக்கையோடு போனார்கள். போகிற வழியில் தெருக் கோடியில் நின்று, "அண்ணே, இந்த ஒரு கைய மட்டும் வச்சுக் குடுங்க" என்றார்கள்.

தங்கராஜு கத்தினார், கையை வீசினார், "நான் என்ன ஒத்தக்கைக் கடையா வச்சிருக்கேன்?" என்று கேட்டார். ஆனால் வாசலில் ஆள் நிற்பது அந்த மாதத்தில் அன்றுதான் முதல் தடவை. வாங்கிக்கொண்டார். ராவும் பகலும் இடது கையாகத் தைத்துத் தள்ளினார்.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை வெள்ளையம்மா தங்கராஜு கடைக்குத் திரும்பி வந்தாள். இரண்டு இடத்திலுமாகத் தைத்த இன்னொரு புது ரவிக்கையைப் போட்டுக்கொண்டே வந்தாள், எல்லாரும் பார்க்கட்டும் என்று.

"அண்ணே, இந்தக் கையப் பாருங்க, அந்தக் கையப் பாருங்க. இது புருசன் வேலைக்குப் போற மாதிரி நேரா இருக்கு. உங்க கை என்னண்ணே, கள்ளுக் கடையிலேருந்து வர்ற மாதிரி இருக்கு?"

தெருவே சிரித்தது. தங்கராஜு சிரிக்கவில்லை. உள்ளே போய்த் தம் மிஷின் முன்னால் உட்கார்ந்தார். அவர் கெட்டிக்காரர்தான்; வெட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கையில் குறை இல்லை, கருவியில்தான் குறை என்பது அவருக்குத் தெரியும். அதை ஊருக்கு முன்னால் எப்படி ஒப்புக்கொள்வது என்பதுதான் தெரியவில்லை. கடைசியில் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு நஜ்முதீன் கடைக்கு வந்தார்.

"பாய், ஆர்டர் எடுத்துக்குங்க. ஒரு மிஷினு."

ருக்னுதீன் எழுந்தே நின்றுவிட்டார். பொந்தியானில் அவருக்குக் கிடைத்த முதல் ஆர்டர் அது.

"காட்சி மிஷினையே வச்சுக்குங்க அண்ணே. பண்டிகை நேரம். கம்பெனில நான் சொல்லிக்கறேன்."

"புகார் குடுத்தவன்கிட்டயா குடுக்குறீங்க?"

"நீங்க புகார் குடுக்கலன்னா நான் இன்னும் சும்மா தைச்சுக்கிட்டே இருந்திருப்பேன். ஒண்ணுகூட வித்திருக்காது."

தங்கராஜு அவரை ஏற இறங்கப் பார்த்தார். அது கேலியா, மனசிலிருந்து வந்ததா என்று பார்த்தார். மனசிலிருந்துதான் வந்திருந்தது.

புது மிஷின் தங்கராஜு கடைக்குப் போயிற்று. ஆனால் அதற்குப் புதுப் பழக்கம். பாபின் போடும் விதம் வேறு, நூல் வரும் வழி வேறு. பழைய மிஷினோடு மல்லுக்கட்டிப் பழகிய கைக்கு அது அடங்கவில்லை. நூல் அறுந்துகொண்டே இருந்தது. ருக்னுதீன் மறுபடியும் அலுவலகத்துக்குப் போனார். வித்த சாமானை வாங்கினவருக்குச் சொல்லிக் கொடுக்கலாமா?

"வாயால சொல்லு" என்றார் இஞ்சே சூலோங். "அவருடைய கடையில, அவருடைய வாடிக்கையாளர் துணியில உன் கை பட்டா அது வேலை."

தங்கராஜு கடையில் ருக்னுதீன் பக்கத்தில் நின்றார். சொன்னார். முதல் வாக்கியம் முடிவதற்குள் அவர் கை சக்கரத்தைப் பிடித்துவிட்டது. தங்கராஜு தட்டிவிட்டார். இரண்டாவது தடவையும் பிடித்தது. மூன்றாவது தடவை தங்கராஜு பயந்துபோய்த் தெருவை எட்டிப் பார்த்தார். "பாய், நீங்க கப்பல் ஏறினா நான் இந்த மிஷின வச்சுக்கிட்டு என்ன பண்ணுவேன்?"

ருக்னுதீன் நஜ்முதீன் கடைக்கு ஓடினார். "நானா, என் கையக் கட்டுங்க."

நஜ்முதீன் விழித்தார். அடுப்படியிலிருந்து மீரா பீவி ஒரு துண்டை நீட்டினார். "நல்லா இறுக்கிக் கட்டுங்க நானா. முடிச்சு அவிழ்க்கறதுலயும் கெட்டிக்காரரா இருப்பாரு."

கைகள் பின்னால் கட்டியபடி ருக்னுதீன் தெருவில் நடந்து வந்ததைப் பார்த்த சீனக் கடைக்காரர், திருட்டுக் கேஸ் என்று நினைத்துத் தம் சாமான்களை உள்ளே இழுத்தார். அந்தக் கோலத்திலேயே தங்கராஜு பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். கையால் செய்து காட்டினால் ஒரு நொடியில் முடியும் காரியம். அதை வார்த்தையில் பிடிக்க அவருக்கு வியர்த்தது. "துணிய இழுக்காதீங்க அண்ணே. அது தானா போவும். தூங்குற பிள்ளைய நகத்துற மாதிரி விடுங்க." கண்ணை மூடிக்கொண்டால் சத்தத்திலேயே தெரிந்தது, எங்கே இறுகுகிறது, எங்கே வழுக்குகிறது என்று. "இப்ப அறும்" என்பார், அறும். தங்கராஜு திட்டுவார். மறுபடி கோப்பார்.

பொழுது சாய்வதற்குள் ஒரு தையல் தோளிலிருந்து மணிக்கட்டுவரை கோடு போட்ட மாதிரி போயிற்று. தங்கராஜு துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ருக்னுதீனின் முகத்துக்கு நேரே பிடித்தார், அவரால் கையில் வாங்கிப் பார்க்க முடியாதே என்று. இருவரும் சிரித்தார்கள். அந்த நாளிலிருந்து ஊர் அவரைக் கைகட்டி பாய் என்றது.

அதன் பிறகு ஆர்டர் தானாக வந்தது. தங்கராஜு கடையில் தைத்த சட்டையைப் போட்டவர்கள் மிஷினைக் கேட்டார்கள். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் மனைவி ஒன்று வாங்கினார். வெள்ளையம்மா தோட்டத்துப் பெண்களைச் சேர்த்துக் கூட்டாக ஒன்று வாங்கி லயக் குடியிருப்பில் வைத்தாள். ருக்னுதீன் கையைக் கட்டிக்கொண்டு போய் அங்கேயும் சொல்லிக்கொடுத்தார். சிம்பாங் ரெங்கத்திலிருந்துகூட ஆள் வந்தது. சீட்டின் கெடு முடியும் நேரம் வந்தபோது கம்பெனி அவரைக் கிள்ளானுக்கு அனுப்ப நினைத்தது.

அவருக்குப் போக மனமில்லை. அதற்கு ஒரு காரணம் தங்கராஜு. இன்னொரு காரணம் அடுப்படியில் இருந்தது. கெடு முடியப்போகிறது என்று அவர் சொன்ன அன்று, மீரா பீவி ஒரு கூடை வெங்காயத்தை அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

"முழுசும் உரிங்க" என்றார்.

"சட்டம்?"

"விருந்தாளிக்குத்தான் சட்டம்." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ருக்னுதீன் உரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயத்தின் மேல் பழி போட்டார். நஜ்முதீன் இதையெல்லாம் கல்லாவிலிருந்து பார்த்துவிட்டு, பள்ளிவாசல் லெப்பையைப் பார்க்கச் செருப்பைத் தேடினார்.

வேலை செய்யும் அனுமதிக்கு ஒரு முதலாளி கேட்க வேண்டும். தங்கராஜு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். இஞ்சே சூலோங் அவரை அடையாளம் கண்டு, "மறுபடியும் புகாரா?" என்றார்.

"இல்ல துவான். இந்த ஆளு எனக்கு வேணும்."

"என்ன வேலைக்கு?"

"தைக்க. பொத்தான் வைக்க. கடை கூட்ட. என்ன வேணா. சும்மா மட்டும் இருக்க வைக்க முடியாது துவான், நான் பாத்துட்டேன்."

இஞ்சே சூலோங் ஜொகூர் பாருவுக்கு எழுதினார். பதில் வர மழைக்காலம் முழுவதும் ஆயிற்று. அதுவரை ருக்னுதீன் சிங்கப்பூரில் கம்பெனிக் கிடங்கில் கை வைக்காமல் மிஷின் காவலுக்கு இருந்தார். அந்த மாதங்களைப் பற்றி அவர் யாரிடமும் பேசமாட்டார். அனுமதி வந்து மறுபடி பொந்தியானில் இறங்கிய நாள், தங்கராஜு கடையில் தேங்கிக் கிடந்த துணியெல்லாம் தைத்து முடிந்தபிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. தங்கராஜு தம் பழைய சட்டையையே கழற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த வருடமே நிக்காஹ் நடந்தது. மாப்பிள்ளை தம் சட்டையைத் தாமே தைத்தார், வெட்டியது தங்கராஜு.

1938இல் ருக்னுதீன் உம்மாவைப் பார்க்க மீரா பீவியைக் கூட்டிக்கொண்டு காரைக்கால் போனார். உம்மா மருமகளின் கறியைச் சாப்பிட்டுவிட்டு மகனிடம் ஒன்றும் கேட்கவில்லை, மருமகளிடம், "இவன் கைய எப்படிம்மா அடக்குற?" என்று மட்டும் கேட்டார். கிணற்றடி, கொல்லை வேலி, அடுத்த வீட்டுக் கூரை என்று ருக்னுதீன் பழுது பார்க்காதது ஒன்றும் மிச்சமில்லாதபோது இருவரும் கப்பலேறினார்கள்.

சிங்கப்பூரில் அதே மாதிரி ஒரு மேசை. உட்கார்ந்திருந்தவர் புதிய ஆள், தமிழ் தெரிந்தவர். ருக்னுதீனின் காகிதங்களைப் புரட்டிவிட்டு, "வியாபாரமா, வேலையா? எதுக்காகப் போறீங்க?" என்று கேட்டார்.

ருக்னுதீன் நெஞ்சு நிறையப் பதில் வைத்திருந்தார். அனுமதியைப் பற்றி, தங்கராஜுவைப் பற்றி, இஞ்சே சூலோங்கைப் பற்றி எல்லாம் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் பக்கத்தில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த மீரா பீவி, கடல் மயக்கத்தில் கண்ணைத் திறக்காமலே, "வீட்டுக்குப் போறோம்" என்றார்.

அதிகாரி முத்திரையைக் குத்தினார். பொந்தியான் படகுக்கு இன்னும் நேரம் இருந்தது. ருக்னுதீன் மனைவிக்கு ஒரு இளநீர் வாங்கிவரப் போனார்.